4294967297 பகா எண்ணா?

வணக்கம். 4294967297 என்ற எண் 500 வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் வகுபடவில்லை, 2-ஐ அடியாகக் கொண்ட ஃபெர்மா சோதனையிலும் (n ஒற்றைப்படைப் பகா எண்ணானால் 2ⁿ⁻¹-ஐ n-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும் என்பது) தேறிவிட்டது, ஆகவே அதைப் பகா எண்ணாகக் கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொள்ள முடியாது, இன்னும் சற்றுத் தூரம் வகுத்திருந்தால் 641 அகப்பட்டிருக்கும். இது 2³²+1 என்னும் ஃபெர்மா எண் (2-இன் அடுக்காக 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் எண்ணை இட்டு, 1-ஐக் கூட்டினால் கிடைப்பது). இவ்வகை எண்கள் எல்லாமே 2-அடிச் சோதனையில் தேறிவிடும் என்பதால் அச்சோதனை இங்கே பயன்படாது. கணிதவியலாளர் ஃபெர்மாவே இதைப் பகா எண் என்றுதான் நம்பினார். 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர்தான் இதனை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார்.

தாளில் எழுதியே சரிபார்க்கலாம். 641 = 5×2⁷+1 என்பதால், 5×2⁷-ஐ 641-ஆல் வகுக்கும்போது மீதியை −1 எனக் கொள்ளலாம்; நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1 ஆகிறது. மறுபுறம் 641 = 5⁴+2⁴ ஆகையால் 5⁴ இருக்குமிடத்தில் −2⁴-ஐ இடலாம்; அப்போது −2³²-இன் மீதி 1, அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடுகிறது. (எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.)

6700417 மேலும் பிரியுமா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். 2³²+1-இன் பகாக் காரணி எதுவானாலும், ஆகவே 6700417-இன் பகாக் காரணியும், 128-ஆல் வகுக்க மீதி 1 தர வேண்டும். 257-ஐ நீங்களே சோதித்துவிட்டதால், வர்க்கமூலமான 2588-க்குள் எஞ்சுபவை 641, 769, 1153, 1409 மட்டுமே. நான்கும் வகுக்காததால் அது பகா எண்தான்.