தூதரக அதிகாரிக்குத் தொழில்சார் பொறுப்புக் காப்பீடு தேவையா?

கேள்வி: திருச்சியில் பிறந்து வளர்ந்த நான், அமெரிக்கக் குடியுரிமை பெற்று, ஒன்பது ஆண்டுகளாக அந்நாட்டின் வெளியுறவுத் துறையில் பணிபுரிகிறேன். இப்போது வர்ஜீனியாவில் வசிக்கிறோம். வரும் கோடையில் வெளிநாட்டில் உள்ள துணைத் தூதரகம் ஒன்றில் விசாப் பிரிவின் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்கிறேன். என் கீழ் ஆறு அதிகாரிகள் இருப்பார்கள். தொழில்சார் பொறுப்புக் காப்பீடு எடுத்துக்கொள்ளுமாறு உடன் பணிபுரிபவர்கள் சொல்கிறார்கள். ஆண்டு பிரீமியம் 300 டாலர். வழக்கில் விதிக்கப்படும் இழப்பீட்டுக்கு 10 லட்சம் டாலர், துறை விசாரணைக்கான வழக்கறிஞர் செலவுக்கு 2 லட்சம், குற்ற விசாரணைக்கு 1 லட்சம் என வரம்புகள் தரப்பட்டுள்ளன. "அரசு வேலைக்கு அரசே துணை, தூதரக விலக்குரிமை வேறு இருக்கிறது, வீடு, கார் காப்பீடுகளுக்கு மேல் கூடுதலாக அம்பிரல்லா பாலிசியும் வைத்திருக்கிறோம், இது வீண் செலவு" என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 10 லட்சம் டாலரைப் பார்த்து எடுக்காதீர்கள். அதற்கு அடுத்த வரியில் இருக்கும் 2 லட்சத்துக்காக எடுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வெஸ்ட்ஃபால் சட்டம் என்று அழைக்கப்படும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணியின் எல்லைக்குள் செய்த செயலுக்காக ஒரு மத்திய அரசு ஊழியர்மீது யாராவது இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தால், அது பணி சார்ந்த செயல்தான் என்று நீதித் துறை (நீதிமன்றம் அல்ல, அரசின் சட்ட அமைச்சகம்) சான்றளித்ததும், ஊழியர் வழக்கிலிருந்து விலக்கப்பட்டு அவருடைய இடத்தில் அரசே பிரதிவாதியாக நிற்கும். அரசமைப்பு உரிமையை மீறியதாகத் தொடுக்கப்படும் வழக்கு இதற்கு முக்கியமான விதிவிலக்கு. 1971ஆம் ஆண்டின் பிவன்ஸ் தீர்ப்பு அதற்கு வழி திறந்தது என்றாலும், அந்த வழியை உச்ச நீதிமன்றம் படிப்படியாகக் குறுக்கி, 2022இல் ஏறக்குறைய அடைத்தேவிட்டது. விசா மறுக்கப்பட்டவர் வழக்குப் போடுவாரோ என்ற கவலையும் பெரிதாக வேண்டாம். தூதரக அதிகாரியின் விசா முடிவை நீதிமன்றங்கள் பொதுவாக மறு ஆய்வுக்கு எடுப்பதில்லை என்பதை 2024இல் முனியோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. ஆகவே பெருந்தொகை இழப்பீட்டை உங்கள் கையிலிருந்து கட்ட நேரும் வாய்ப்பு மிகக் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. நீதித் துறை உங்களுக்காக வாதாடுவதும், தீர்ப்புத் தொகையைத் துறை ஏற்றுக்கொள்வதும் அரசின் விருப்பத்தைப் பொறுத்தவை, உங்கள் உரிமை அல்ல.

அரசே எதிரில் வந்து உட்காரும்போதுதான் உங்கள் கணவர் சொல்லும் துணை இல்லாமல் போகிறது. உங்கள் ஆறு அதிகாரிகளில் ஒருவர், பதவி உயர்வு அறிக்கையில் பழிவாங்கினீர்கள் என்று, அரசு ஊழியர்களின் இத்தகைய புகார்களை விசாரிக்கும் சிறப்பு ஆலோசகர் அலுவலகத்துக்கு எழுதலாம். குறிப்பிட்ட சிலருக்கு விசாவில் சலுகை காட்டினீர்கள் என்று பெயரில்லாத கடிதம் ஒன்று, துறையின் முறைகேடுகளை விசாரிக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போகலாம். அப்போது உங்களை விசாரிப்பது அரசு. துறையின் வழக்கறிஞர்கள் துறைக்காகவே பேசுவார்கள். விசாரணை அறையில் உட்கார்ந்ததும் ஒரு தாளை உங்கள் முன் வைத்துக் கையெழுத்துக் கேட்பார்கள். அது இரண்டு வகையாக இருக்கலாம். கேரிட்டி எச்சரிக்கை என்றால், பதில் சொல்வது உங்கள் விருப்பம், ஆனால் சொன்னதெல்லாம் குற்ற வழக்கில் உங்களுக்கு எதிராகப் பயன்படலாம் என்று பொருள். கால்கைன்ஸ் எச்சரிக்கை என்றால், பதில் சொல்லியே ஆக வேண்டும், மறுத்தால் வேலை போகலாம், ஆனால் உண்மையாகச் சொன்னதைக் குற்ற வழக்கில் பயன்படுத்த முடியாது என்று பொருள். மேலோட்டமாகப் படித்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். எது கையில் இருக்கிறது என்று அறியாமல் வாய் திறப்பது ஆபத்து. அந்த அறைக்குள் போவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட வேண்டும்.

என்னிடம் வரித் தாக்கலுக்கு வரும் ஒருவர், வேறொரு மத்திய அரசு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். வருகைப் பதிவேட்டைத் திருத்தினார் என்று கீழே பணிபுரிந்தவர் கொடுத்த புகார் பதினான்கு மாதம் நடந்து, குற்றம் எதுவும் இல்லை என்று முடிந்தது. அதற்குள் வழக்கறிஞருக்கு அவர் கொடுத்தது 19,000 டாலர்; டிஎஸ்பி ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து கடன் எடுத்துக் கட்டினார். அந்தக் கடன் தவணை இன்றும் அவருடைய சம்பளச் சீட்டில் பிடித்தமாகிறது, பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. மாதம் 25 டாலர் பாலிசி அவரிடம் இருந்திருந்தால், முதல் கடிதம் வந்த அன்றே வழக்கறிஞரை வைத்துக்கொண்டிருப்பார்.

விலக்குரிமையைப் பற்றிப் பலரும் தவறாகவே நினைக்கிறார்கள். அது நீங்கள் பணிபுரியப் போகும் நாட்டின் சட்டத்திலிருந்து தரப்படும் பாதுகாப்பு; சொந்த நாட்டின் அதிகார வரம்பிலிருந்து தூதருக்கு விலக்கு இல்லை என்று 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையே சொல்கிறது. மேலும் அந்த உரிமை உங்களுடையது அல்ல, உங்கள் அரசினுடையது. அரசு நினைத்தால் அதைக் கைவிடலாம். நீங்கள் போவதோ துணைத் தூதரகத்துக்கு. 1963ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அங்குள்ள அதிகாரிகளுக்குப் பணி சார்ந்த செயல்களுக்கு மட்டுமே விலக்கு. வாகன விபத்தில் பாதிக்கப்பட்டவர் தொடுக்கும் இழப்பீட்டு வழக்குக்கு அதுவும் கிடையாது. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி கைதானபோது எழுந்த வாதமும் இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

அம்பிரல்லா பாலிசி உங்கள் வீட்டையும் காரையும் சார்ந்தது. தொழில் சார்ந்த செயல்களை அது பெரும்பாலும் விலக்கி வைத்திருக்கும். விலக்குகள் பட்டியலை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்ல செய்தி உண்டு. மேற்பார்வையாளர்கள், மேலாண்மை அதிகாரிகள், சட்ட அமலாக்க அதிகாரிகள் ஆகியோருக்கு இந்தப் பிரீமியத்தில் பாதி வரை துறை திருப்பித் தரலாம் என்று 1996இல் சட்டம் வந்தது. 1999 அக்டோபர் முதல் அது துறைகளின் கடமையாகவே ஆயிற்று. நீங்கள் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்பதால், 150 டாலர் வரை திரும்பக் கிடைக்கும். ரசீதை வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். மீதிப் பாதியை மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; ஊழியர்களின் திருப்பித் தரப்படாத பணிச் செலவுக்கான கழிவு 2018 முதல் இல்லை.

நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியது தேதிகளை. இத்தகைய பாலிசிகளில் பல, சம்பவம் நடந்த நாளை மட்டும் பார்ப்பதில்லை. கோரிக்கை எழுந்து நீங்கள் அதைத் தெரிவிக்கும் நாளில் பாலிசி நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கும். உங்களுக்கு முன்பே தெரிந்திருந்த புகாருக்குப் பின்னர் எடுத்த பாலிசி உதவாது. எனவே புதிய இடத்தில் பொறுப்பேற்பதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள், இடையில் ஒரு மாதம்கூட விட்டுவிடாதீர்கள். ஓய்வு பெற்ற பிறகு பழைய செயலுக்கு வரும் புகாரையும் தெரிவிக்கும்படி நீட்டிப்புக் காலம் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று இப்போதே கேளுங்கள். நாடாளுமன்ற விசாரணைக்கு அழைக்கப்பட்டால் வழக்கறிஞர் செலவு சேருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 2019இல் அதிபர் டிரம்ப் மீதான பதவி நீக்க விசாரணையில் சாட்சி சொன்ன வெளியுறவு அதிகாரிகளின் வழக்கறிஞர் செலவுக்கு அவர்களுடைய சங்கம் நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. ரகசியத் தகவல்களைக் கையாள்வதற்கான பாதுகாப்பு அனுமதி பறிக்கப்படும் நடவடிக்கை சேருமா, வழக்கறிஞரை நீங்களே தேர்ந்தெடுக்கலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் வந்த பிறகு கையெழுத்திடுங்கள். விண்ணப்பத்தில் நிலுவையில் உள்ள புகார் ஏதேனும் உண்டா என்று கேட்டிருப்பார்கள்; சிறியது என்று நீங்கள் நினைப்பதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.