சிவந்தது, கறுத்தது, நீலித்தது?

அன்புள்ள ஐயா,

நான்கு மாதமாக வார இறுதி வகுப்பில் ஜப்பானிய மொழி படிக்கிறேன். டிசம்பரில் ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலையான என்5 எழுத எண்ணம். நிறங்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சிவப்புக்கு 'அகாய்', வெள்ளைக்கு 'ஷிரோய்' என்று படித்தேன். பச்சைக்கு 'மிதோரி' என்றார்கள். அதே கணக்கில் 'மிதோரிய்' என்று வகுப்புத் தேர்வில் எழுதினேன், சிவப்பு மையில் சுழித்துவிட்டார்கள். காரணம் கேட்டால் "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணுங்க" என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு படம்: சிக்னலில் பச்சை விளக்கு எரிகிறது, கீழே 'அஓ', அதாவது நீலம் என்று போட்டிருக்கிறது. இன்னொரு பக்கத்தில் சூரியனுக்குச் சிவப்பு அடித்திருக்கிறார்கள். அச்சுப்பிழையா? பன்னிரண்டு நிறங்களை எப்படித்தான் மண்டையில் ஏற்றுவது?

க., ஈரோடு

அன்புள்ள க.,

முதலில் உச்சரிப்பு. தமிழில் எழுதினால் எல்லாக் க-வும் ஒன்றுதான் என்பதால் நம் ஆட்கள் 'அகாய்' என்பதை 'அகல்' மாதிரி குழைத்துச் சொல்லிவிடுகிறார்கள். 'கடல்' என்பதில் வரும் க-வைப் போட்டு, எதையும் நீட்டாமல் சொல்லுங்கள்.

சரி, உங்கள் மிதோரிக்கு வருவோம். ஒரு சின்னச் சோதனை. சிவப்பை வினையாக்குங்கள்: சிவந்தது. கறுப்பு: கறுத்தது. வெள்ளை: வெளுத்தது. இப்போது நீலம்? 'நீலித்தது' என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள். நீலமாக மாறியது என்றுதான் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆரஞ்சு, சாம்பல் எல்லாம் இதே கதைதான். சில நிறச்சொற்கள் தாமாகவே வளையும், மற்றவை ஒரு 'ஆன', ஒரு 'ஆக' ஊன்றுகோல் இல்லாமல் நகராது. இதை உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் பேசும்போது ஒருநாளும் தவறியதில்லை.

ஜப்பானியத்திலும் இதே பிரிவு இருக்கிறது. அங்கே வளையும் நிறங்கள் நான்கு: அகாய், குரோய், ஷிரோய், அஓய். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, நீலம். இவை பழைய நான்கு. சிவப்பாக இல்லை என்றால் 'அகாகுனாய்', சிவப்பாக இருந்தது என்றால் 'அகாகத்தா'. மிதோரி பெயர்ச்சொல். அதன் வாலில் எதுவும் ஒட்டாது. பச்சைச் சட்டை 'மிதோரி நோ ஷாத்து', பச்சை இல்லை என்றால் 'மிதோரி ஜா நாய்'. (நாய் வந்தால் சிரிக்காதீர்கள், இல்லை என்று பொருள். எல்லாத் தமிழ் மாணவர்களும் முதல் வாரத்தில் சிரித்து முடித்துவிடுகிறோம்.) நீங்கள் எழுதிய 'மிதோரிய்' நம்முடைய 'நீலித்தது' மாதிரி. ஒரு ஜப்பானியர் நம்மிடம் வந்து "வானம் நீலித்தது" என்றால் நாமும் சுழிக்கத்தான் செய்வோம், கொஞ்சம் ரசித்துவிட்டு.

நான்கோடு நின்றால் நன்றாக இருந்திருக்கும். பின்னால் வந்த இரண்டு, கூட்டத்தில் புகுந்துகொண்டன: கீயிரோய் என்ற மஞ்சள், சாயிரோய் என்ற பழுப்பு. 'இரோ' என்றால் நிறம். 'சா' என்றால் தேநீர், மலையாளி குடிக்கும் சாயாவின் அதே சா. ஆக சாயிரோ தேநீர் நிறம். இந்த ஆறும் வளையும், மற்றதெல்லாம் 'நோ' போட்டுக்கொள்ளும். உங்கள் பட்டியல் பன்னிரண்டிலிருந்து ஆறாகக் குறைந்துவிட்டதா?

மீதி நிறங்களைப் பொருளோடு பிடித்துக்கொள்ளலாம். ஹாயிரோ சாம்பல் நிறம், ஹாய் என்றால் சாம்பலேதான். நெசுமியிரோ எலி நிறம். மோமோயிரோ பீச் பழ நிறம், இளஞ்சிவப்பு. மிசுயிரோ தண்ணீர் நிறம், அதாவது வெளிர்நீலம். நம் ஜவுளிக்கடையில் காப்பிப்பொடி கலர், வெங்காயக் கலர், கத்தரிப்பூ கலர் என்று கேட்கிறோமே, அதே புத்திதான். ஒரு காலத்தில் அங்கே இது பைத்தியமாகவே ஆகியிருக்கிறது. எடோ காலத்தில் (1603 முதல் 1868 வரை) நகரத்து வணிகர்கள் பகட்டாக உடுத்தக்கூடாது என்று அரசு தடைபோட, அவர்கள் அனுமதிக்கப்பட்ட மங்கல் நிறங்களுக்குள்ளேயே ஒளிந்து விளையாடினார்கள். 'நாற்பத்தெட்டு பழுப்பு, நூறு எலிநிறம்' என்று அதற்கு ஒரு சொலவடையே உண்டு. இன்றைய இளைஞர்கள் பெரும்பாலும் பிங்கு, ஒரெஞ்சி என்று ஆங்கிலத்தை ஜப்பானியமாக்கிப் பேசுகிறார்கள், அதனால் தேர்வுக்கு எலியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒரு இடத்தில் ஆரம்ப மாணவர்கள் அத்தனை பேரும் விழுவோம். 'எனக்குச் சிவப்பு பிடிக்கும்' என்று சொல்ல வரும்போது 'அகாய் கா சுகி' என்போம். அது 'எனக்குச் சிவந்த பிடிக்கும்' என்கிற மாதிரி. அங்கே பெயர் வேண்டும், வாலை வெட்டி 'அகா கா சுகி'. நானே ஜப்பானின் நகோயா நகரத்தில் ஒரு வருடம் இப்படிச் சிவந்த, வெளுத்த என்று பேசித் திரிந்திருக்கிறேன். ஒருவரும் திருத்தவில்லை. அங்கே மரியாதை அப்படி.

அப்புறம் உங்கள் சிக்னல். அதே நகோயாவில், முதல் குளிர்காலத்தில், என்னுடன் வேலை செய்த மூத்தவர் ஒருவரோடு தெருவைக் கடக்க நின்றிருந்தேன். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "அஓ நி நாத்தா" என்று சொல்லிவிட்டு நடந்தார். நீலம் ஆகிவிட்டது. நான் இன்னும் நீலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையில் திரும்பிப் பார்த்தவர், பச்சை மனித உருவம் விட்டுவிட்டு எரிய ஆரம்பித்ததும் கையைப் பெரிதாக ஆட்டி என்னை ஓடிவரச் சொன்னார். மூச்சிரைக்க "மிதோரி தானே அது?" என்று கேட்டேன். விளக்கை ஏறிட்டுப் பார்த்தார், முதல்முறையாகப் பார்ப்பவர் போல. "மிதோரிதான். ஆனால் அஓ."

அவர் சொன்னதில் குழப்பம் இல்லை. அஓ பழங்காலத்தில் பச்சை, நீலம் இரண்டையும் தன் மடியில் வைத்திருந்த சொல். மிதோரி முதலில் நிறத்தைவிட இளந்தளிரைக் குறித்தது, நிறமாக நிலைபெற்றது பிறகுதான். பழைய ஜப்பானியத்தில் கைக்குழந்தைக்கு 'மிதோரிகோ' என்று பெயர். பச்சைக் குழந்தை! அழகிய கருங்கூந்தலை 'மிதோரி நோ குரோகாமி' என்பார்கள், சொல்லுக்குச் சொல் பார்த்தால் பச்சைக் கருங்கூந்தல். தளிரின் மினுமினுப்பு அது.

ஜப்பானின் முதல் மின்சார சிக்னல் 1930-ல் டோக்கியோவின் ஹிபியா சந்திப்பில் வைக்கப்பட்டது, அமெரிக்காவிலிருந்து வந்த விளக்கு. அப்போதைய விதியில் மிதோரி என்றே இருந்தது. மக்கள் அஓ என்றார்கள். கடைசியில் 1947-ல் சட்டமே அஓ என்று எழுதிக்கொண்டது. அதோடு விடவில்லை, 1973-லிருந்து விளக்கையும் கொஞ்சம் நீலம் கலந்த பச்சையாக மாற்றினார்கள். சொல்லுக்கு ஏற்ப விளக்கைத் திருத்திய நாடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இதைக் கேட்டு உற்சாகமாகிப் பச்சைச் சட்டையை அஓய் என்று சொல்லிவிடாதீர்கள். இன்று அது நீலச் சட்டைதான். சிக்னல், தழைத்த மலை, பச்சை ஆப்பிளான அஓரிங்கோ, இன்னும் பழுக்காதது, அனுபவம் போதாத பையன், இப்படிப் பழகிப்போன சில இடங்களில்தான் பழைய பச்சை மிச்சம் இருக்கிறது. வெளிறிய முகமும் அஓய்தான். நமக்கு இது புதிதா? காதலியின் மேனி வெளிறினால் பசலை என்றார்கள், பச்சையின் அதே வேர். குறளில் அதற்கு ஒரு அதிகாரமே இருக்கிறது. நல்ல தங்கத்தைப் பசும்பொன் என்கிறோம், பச்சைத் தங்கத்தை எவரும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. செக்கச்செவேல், வெள்ளைவெளேர், கன்னங்கரேல் என்று நாம் அழுத்துவதுபோல அங்கே மக்கா, மஸ்ஷிரோ, மக்குரோ. அஓவுக்கு மஸ்ஸாஓ. மஞ்சளுக்கு மக்கீயிரோ, நம் மஞ்சமஞ்சேர் மாதிரி. இப்படி வரிசையாக ஒத்துப்போவதைப் பார்த்து இரண்டு மொழிக்கும் இரத்த உறவு என்று கிளம்ப வேண்டாம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் பல ஆண்டுகள் அப்படி வாதிட்டார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை, எனக்கும் நம்பிக்கை இல்லை. சட்டையை மாட்டிவைக்க ஆணி கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குப் பட்டியலை மூடிவையுங்கள். மொட்டைமாடிக் கொடியில் காயும் துணிகளிடம் போங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம், வாய்விட்டு: இது இந்த நிறம், இது இந்த நிறம் இல்லை, துவைக்கும் முன் இந்த நிறமாக இருந்தது. சாயம் போன சட்டை ஒன்று இருந்தால் 'ஷிரோகுனாய்', 'அகாகத்தா' எல்லாம் ஒரே நாளில் வந்துவிடும். பக்கத்து வீட்டார் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

சூரியன் விஷயத்தில் உங்கள் புத்தகத்தில் பிழை இல்லை. அங்கே குழந்தைகள் கையில் கிரேயானைக் கொடுத்தால் சூரியனைச் சிவப்பாகத்தான் வரைவார்கள், அவர்கள் தேசியக் கொடியில் இருப்பதும் அதுவே. அகாய் என்பதும் வெளிச்சமாக இருக்கிறது என்னும் அகாருய் என்பதும் ஒரே வேர் என்பார்கள். கைக்குழந்தைக்கு இன்றைய பெயர் 'அகாச்சான்', சிவப்புக் குட்டி.