எண்ணுகிறவர் யார் என்று கேளுங்கள்

கேள்வி: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2018 ஆளுநர் தேர்தலில் தோற்ற ஸ்டேசி ஏப்ரம்ஸ், தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்தார். 2020-ல் அதே மாநிலத்தில் தோற்ற டிரம்ப்பும் மறுத்தார். முதலாமவரை உரிமைப் போராளி என்றும், இரண்டாமவரை ஜனநாயகத்துக்கு ஆபத்து என்றும் எழுதுகிறீர்கள். ஏப்ரம்ஸ் தரப்பு போட்ட வழக்கை 2022-ல் நீதிமன்றமே தள்ளிவிட்டது. ஆளுக்கொரு நீதி சொல்வது ஆசிரியருக்கு அழகா?
— வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயமானது. ஏப்ரம்ஸ் பின்னாளில் சில இடங்களில் தாமே வென்றதாகப் பேசினார். அதற்கு அவரிடம் சான்று இல்லை. அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி நீங்கள் சொல்வதும் உண்மை. தீர்ப்பளித்த ஸ்டீவ் ஜோன்ஸ், ஒபாமா நியமித்த நீதிபதி. அவர் மீது கட்சி முத்திரை குத்தித் தப்பித்துவிட முடியாது. ஆனால் தோற்ற இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளக்கிற நீங்கள், அந்தத் தேர்தலை நடத்தியவர் யார் என்று கேட்கவே இல்லை. என் வருத்தமெல்லாம் அங்கேதான்.

ஜார்ஜியாவின் ஆளுநர், மேலிருந்து அனுப்பப்படுபவர் அல்லர். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நிகரானவர். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அந்தப் பதவியில் இருக்க முடியாது. நேதன் டீல் தம் இரண்டு முறையை முடித்துவிட்டதால் 2018-ல் நாற்காலி காலியானது. பதவியில் இருப்பவர் களத்தில் இல்லை என்றால் இரு கட்சிகளுக்கும் ஆசை வந்துவிடும். ஆளும் பணமும் வந்து குவியும். 2014-ல் சுமார் 25 லட்சம் பேர் வாக்களித்த மாநிலத்தில் அந்த ஆண்டு 39 லட்சம் பேர் வாக்களித்தார்கள்.

ஏப்ரம்ஸ் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர். அவரை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் வேட்பாளர் பிரையன் கெம்ப். அப்போது அவர் மாநிலச் செயலர். வாக்காளர் பட்டியலைப் பராமரிப்பது, தேர்தல் விதிகளை நடைமுறைப்படுத்துவது, கவுன்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) அனுப்பும் முடிவுகளைத் தொகுத்துச் சான்றளிப்பது எல்லாம் அந்தச் செயலருடைய அலுவலகத்தின் வேலை. 2010 முதல் அந்தப் பதவியில் இருந்தவர், வேட்பாளரான பிறகும் விலகவில்லை. வாக்குப்பதிவு நவம்பர் 6-ஆம் தேதி. மறுநாள் தம் வெற்றியை அறிவித்தார். அதற்கும் மறுநாள்தான் செயலர் பதவியை விட்டார்.

இதைச் சட்டம் தடுக்கவில்லை. 2006-ல் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த கேத்தி காக்ஸும் செயலராக இருந்துகொண்டே ஆளுநர் பதவிக்கு முயன்றவர்தான். கட்சிக்குள் நடந்த முதல்நிலைத் தேர்தலிலேயே அவர் தோற்றதால் பேச்சு எழவில்லை. கெம்ப் விஷயத்தில் பேச்சு எழக் காரணம், அவருடைய அலுவலகம் எடுத்த முடிவுகள். விண்ணப்பத்தில் உள்ள பெயர் அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தவில்லை என்றால் பதிவை நிறுத்திவைக்கும் விதி ஒன்று இருந்தது. ஒரு சிறு கோடு விடுபட்டாலும் போதும். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு அப்படி நிறுத்தப்பட்டிருந்த பதிவுகள் சுமார் 53,000. அவற்றில் ஏறக்குறைய எழுபது சதவீதம் கறுப்பின மக்களுடையவை; மாநில மக்கள்தொகையில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். அடையாள அட்டையைக் காட்டினால் இவர்களும் வாக்களிக்கலாம் என்று கெம்ப் தரப்பு சொன்னது, அது உண்மையும்கூட. ஆனால் தன் பதிவு நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அறிந்த ஒரு சாமானியர், வேலையை விட்டுவிட்டு வரிசையில் போய் நிற்பாரா? அந்தத் தயக்கத்தைக் கணக்கிட எந்தப் புள்ளிவிவரமும் இல்லை.

இன்னொன்று இதைவிட மோசம். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, ஜனநாயகக் கட்சி வாக்காளர் தகவல் தளத்துக்குள் ஊடுருவ முயன்றதாகவும் விசாரணை தொடங்கிவிட்டதாகவும் செயலர் அலுவலகம் அறிவித்தது. சான்று எதுவும் தரவில்லை. 2020-ல் மாநிலப் புலனாய்வுத் துறை விசாரணையை முடித்தபோதும் எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. தம் எதிரணியின் மீது, தாம் வகிக்கும் அரசுப் பதவியின் பெயரால், தேர்தல் நெருங்கிய வேளையில் ஒரு வேட்பாளரால் இப்படிக் குற்றம் சாட்ட முடிந்தது. இது நம் ஊரில் நடந்திருந்தால் நீங்களும் நானும் எத்தனை கடிதம் எழுதியிருப்போம்?

முடிவைப் பாருங்கள். கெம்ப் 19,78,408 வாக்குகள், ஏப்ரம்ஸ் 19,23,685. வித்தியாசம் 54,723. அது சிறியது அல்லதான். ஆனால் ஜார்ஜியாவில் முந்தினால் மட்டும் போதாது, பாதிக்கு மேல் பெற வேண்டும். இல்லையென்றால் முதல் இருவருக்கும் மறுதேர்தல். மூன்றாவது வேட்பாளர் ஒருவர் சுமார் 37,000 வாக்குகளைப் பிரித்துக்கொண்டதால், பாதிக் கோட்டுக்கு மேலே கெம்புக்கு இருந்தது 9,000-க்கும் குறைவான வாக்குகள்தான். அன்று ஜார்ஜியா முழுவதும் வாக்குச்சாவடிகளில் இருந்தவை காகிதமே இல்லாத தொடுதிரை இயந்திரங்கள். அவற்றில் பதிவான வாக்குகளுக்கு, ஐயம் வந்தால் எடுத்து எண்ணிப் பார்க்க, வாக்காளர் கையால் தொட்ட சீட்டு ஒன்றுகூடக் கிடையாது. கெம்ப் நேர்மையாகவே வென்றிருக்கலாம். அதற்கே வாய்ப்பு அதிகம் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதை ஏப்ரம்ஸுக்கு வாக்களித்த 19 லட்சம் பேருக்கு எதைக் காட்டி நிரூபிப்பார்?

நீங்கள் சொல்லும் தீர்ப்பு இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. வழக்கு வந்து நின்றது பதிவு விதிகள், பட்டியல் பராமரிப்பு, அஞ்சல் வாக்கு நடைமுறை ஆகியவற்றில். அவை குறையற்றவை அல்ல, ஆனால் அரசியல் சட்டத்தை மீறவில்லை என்றார் நீதிபதி. ஒரு வேட்பாளர் தம் தேர்தலைத் தாமே நடத்துவது சரி என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை.

அந்த மாநிலத்தின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். 1946-ல் ஆளுநர் தேர்தலில் வென்ற யூஜின் டால்மட்ஜ், பதவியேற்கும் முன்பே இறந்துபோனார். அடுத்து அதிக வாக்கு பெற்றவர்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சட்டமன்றத்துக்கு உரிமை உண்டு என்று அவருடைய ஆட்கள் வாதிட்டார்கள். அவர் மகன் ஹெர்மனின் பெயரைச் சிலர் வாக்குச் சீட்டில் கையால் எழுதியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் அவர் பின்தங்கியிருந்தார். உடனே டால்மட்ஜின் சொந்தக் கவுன்டியான டெல்ஃபேரிலிருந்து ஐம்பத்துச் சொச்சம் வாக்குகள் புதிதாகக் 'கண்டெடுக்கப்பட்டன'. ஹெர்மன் முன்னுக்கு வந்தார், சட்டமன்றம் அவரை ஆளுநராக்கியது. பழைய ஆளுநர் எல்லிஸ் ஆர்னல் நாற்காலியை விட மறுத்தார், துணை ஆளுநராகத் தேர்வான மெல்வின் தாம்சன் தமக்கே உரிமை என்றார். ஒரே மாநிலத்தில் மூன்று ஆளுநர்கள்! 1947 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் தாம்சன் பக்கம் தீர்ப்பளித்தது. டெல்ஃபேர் பட்டியலை ஒரு செய்தியாளர் வாங்கிப் பார்த்தபோது, அதில் இறந்தவர்கள் இருந்தார்கள். ஊரை விட்டே போனவர்கள் இருந்தார்கள். வரிசையாகப் பல பெயர்கள் அகர வரிசையில் வந்து வாக்களித்திருந்தன. அந்தச் செய்திக்காக அட்லாண்டா ஜர்னலின் ஜார்ஜ் குட்வினுக்கு 1948-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

1962-ல் ஜிம்மி கார்ட்டர் முதன்முதலாக மாநிலச் செனட்டுக்கு நின்றபோது, குவிட்மன் கவுன்டியில் வாக்களிக்க வந்த ஆட்களைவிடப் பெட்டியில் இருந்த சீட்டுகள் அதிகம். நீதிமன்றம் போய்த்தான் அவர் தம் இடத்தைப் பெற்றார். பிறகு அதிபராகி, பல நாடுகளில் தேர்தலைக் கண்காணித்த அந்த முதியவர், 2018 அக்டோபரில், 94 வயதில், கெம்புக்குக் கடிதம் எழுதினார்: வேட்பாளர் தம் தேர்தலைத் தாமே மேற்பார்வையிடக் கூடாது, பொறுப்பை நடுநிலையானவரிடம் கொடுத்து விலகுங்கள் என்று. கெம்ப் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு ஒரு வாக்கும் குறைந்திருக்காது. அவருடைய வெற்றிக்கு மதிப்புதான் கூடியிருக்கும்.

இனி 2020-க்கு வருவோம். இடையில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. 2019-ல் ஜார்ஜியா தேர்தல் சட்டத்தைத் திருத்தியது. எழுத்துக்கு எழுத்து விதி தளர்ந்தது. காகிதச் சீட்டு தரும் இயந்திரங்கள் வந்தன. அதில் கையெழுத்திட்டவர் ஆளுநர் கெம்ப். அந்தப் பெருமையை அவருக்கு நான் மறுக்க மாட்டேன். விளைவு, 2020-ல் பைடன் 11,779 வாக்குகளில் வென்றபோது, ஏறக்குறைய 50 லட்சம் சீட்டுகளையும் மனிதர்கள் கையால் எடுத்து எண்ணிச் சரிபார்க்க முடிந்தது. எண்ணியவர்களின் தலைவர், புதிய செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர், டிரம்ப்பின் சொந்தக் கட்சிக்காரர். அந்தத் தேர்தலில் வேட்பாளரும் அல்லர். இத்தனைக்குப் பிறகும் 2021 ஜனவரி 2-ஆம் தேதி அவரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைத் தேடிக் கொடுக்கச் சொன்னார் டிரம்ப்.

இருவரும் ஒன்று என்கிறீர்கள். ஏப்ரம்ஸ், கெம்ப்தான் வென்றவராகச் சான்றளிக்கப்படுவார் என்று நவம்பர் 16-ஆம் தேதி தாமே அறிவித்துவிட்டு, முடிவை மாற்றக் கேட்காமல், விதிகளை மாற்றக் கேட்டு வழக்குப் போட்டார். தோற்றதும் தீர்ப்போடு நிறுத்திக்கொண்டார். எண்ணிச் சரிபார்த்த முடிவை அதிகாரியை மிரட்டி மாற்றப் பார்த்தவர் டிரம்ப். இந்த வேறுபாட்டைப் பார்க்க எந்தக் கட்சிக் கண்ணாடியும் தேவையில்லை.

கட்சி பார்த்து எழுதுகிறேன் என்ற பழிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2022-ல் அரிசோனாவிலும் ஆளுநர் நாற்காலி காலி. அங்கே ஜனநாயகக் கட்சியின் கேட்டி ஹாப்ஸ் மாநிலச் செயலராக இருந்தபடியே நின்றார், 17,117 வாக்குகளில் கேரி லேக்கை வென்றார். ஒரு கவுன்டி முடிவுக்குச் சான்றளிக்க மறுத்தபோது வழக்குப் போட்டதும் அவருடைய அலுவலகம்தான். வழக்கு சட்டப்படி சரியானது. ஆனால் வென்ற வேட்பாளரின் அலுவலகமே அதைப் போட்டதால், லேக்கின் ஆதாரமற்ற புகார்களுக்குத் தீனி கிடைத்தது. ஹாப்ஸ் செய்ததும் கெம்ப் செய்ததும் ஒரே தவறு என்று இங்கே எழுதுகிறேன், வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். 2018-ல் கன்சாஸில் செயலர் கிறிஸ் கோபாக், தம் கட்சிக்குள் ஆளுநர் ஜெஃப் கோலியரை வெறும் 343 வாக்குகளில் முந்தினார். கோலியர் வற்புறுத்திய பிறகே எண்ணும் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். அதையும் தமக்குக் கீழ் வேலை பார்த்தவரிடம்தான் ஒப்படைத்தார்.

நம்மிடம் தேர்தல் ஆணையத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் தேர்தல் நடத்தும் அதிகாரியின் பெயர் வேட்பாளர் பட்டியலில் இருக்க முடியாது என்ற அடிப்படை நமக்கு உறுதியாக இருக்கிறது. ஜார்ஜியாவுக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. 2021-ல் ஒரு சட்டம் மாநிலத் தேர்தல் வாரியத்தின் தலைமையிலிருந்து செயலரை நீக்கியது. அவர் வேட்பாளர் ஆகக்கூடும் என்ற கவலையில் செய்ததல்ல அது. 2020-ல் வளைந்து கொடுக்காத செயலர் மீது கட்சிக்காரர்களுக்கு இருந்த எரிச்சல் அதில் தெரிந்தது. அந்த வாரியமோ 2024 தேர்தல் நெருங்கிய வேளையில் புதுப்புது விதிகளைப் போட, நீதிமன்றங்கள் தலையிட வேண்டியதாயிற்று.

கெம்பின் இரண்டு முறையும் முடிவதால் 2026-ல் அதே நாற்காலி மறுபடியும் காலியாகிறது. 2025 செப்டம்பரில் ராஃபென்ஸ்பெர்கர் தாமும் போட்டியிடுவதாக அறிவித்தார். அப்போதும் அவர் மாநிலச் செயலர். தடுக்கும் சட்டம் இல்லை. 2020-ல் அவர் காட்டிய உறுதியை நான் பலமுறை பாராட்டியிருக்கிறேன், இன்றும் பாராட்டுகிறேன். ஆனாலும் அறிவித்த அன்றே அவர் செயலர் பதவியை விட்டிருக்க வேண்டும். கார்ட்டர் கெம்புக்கு எழுதிய கடிதத்தை உறையின் மேல் பெயரை மட்டும் மாற்றி அவருக்கும் அனுப்பலாம்.