லெ மான் மாடல் கார் வாங்கும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சிவப்பு வெள்ளை நிறத்தில், 23ஆம் எண் போட்ட போர்ஷே 917 மாடல் ஒன்றை 1:18 அளவில் ஒருவர் விற்கிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சரியான மாடல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வேலூர்)

அருமையான காரைப் பிடித்திருக்கிறீர்கள். 1970 ஜூன் 13, 14 தேதிகளில் ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் அட்வுட்டும் மாறி மாறி ஓட்டி, பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷேவுக்கு முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தேடித் தந்த கார் அது. மழை கொட்டிய பந்தயம். 51 கார்கள் புறப்பட்டு, முடிவுப் பட்டியலில் இடம்பிடித்தவை 7 மட்டுமே. இந்தக் கார் ஓடியது 343 சுற்று.

மாடலைக் கையில் வாங்கியதும் கதவைத் திறந்து பார்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காரை மேசையில் வைத்து, உங்கள் கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். நிஜக் கார் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிற மாதிரி மாடல் எழும்பி நின்றால், மற்ற வேலைப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது 917 ஆகத் தெரியாது. என் மதிப்பெண்ணில் பாதி இந்த நிற்கும் தோரணைக்குத்தான்.

அடுத்து ஒரு ஸ்கேலை எடுங்கள். 917இன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2300 மி.மீ. 18ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 128 மி.மீ. ஓரிரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் விட்டுவிடலாம். ஐந்தாறு என்றால் மாடலின் வார்ப்பே தப்பு.

பிறகு வால் பக்கம். பலர் ஏமாறுவது இங்கேதான். குட்டை வால் 917களுக்கு 1971இல் பின்பக்கம் செங்குத்தாக இரண்டு துடுப்புகள் வந்தன. அந்த ஆண்டு ஹெல்முட் மார்கோவும் கைஸ் வான் லென்னெப்பும் ஜெயித்த 22ஆம் எண் மார்ட்டினி காரில் அவற்றைப் பார்க்கலாம். 1970இல் வென்ற 23இல் துடுப்பு கிடையாது. ஒரே வார்ப்பை வைத்து இரண்டு ஆண்டுக் கார்களையும் விற்றால் இந்தக் குறை வந்துவிடும். உங்கள் 23இல் துடுப்பு இருந்தால், அது லெ மானில் ஓடவே ஓடாத கார்.

ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். எஞ்சின் மூடி திறக்குமானால், படுக்கைவாட்டில் கிடக்கும் பெரிய விசிறியைத் தேடுங்கள். காற்றால் குளிரும் 12 சிலிண்டர் எஞ்சினின் அடையாளமே அந்த விசிறிதான். கரிய பிளாஸ்டிக் கட்டி ஒன்றை அங்கே வைத்து மூடியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒப்பிடுவதற்கு எடுக்கும் படம் அந்த இரண்டு நாளில் பந்தயத் தடத்தில் எடுத்ததாக இருக்கட்டும். பின்னாளில் புதுப்பித்த கார்களும், அதே நிறத்தைப் பூசிக்கொண்ட வேறு 917களும் நிறையப் படங்களில் வருகின்றன. மாடல் என்பது ஒரு காரின் ஒரு நாளைப் பற்றிய பதிவு. எந்த நாள் என்று தெரியாமல் மதிப்பிட முடியாது.

கதவு, மூடி எல்லாம் திறக்கும் டைகாஸ்ட் நல்லதா, எதுவும் திறக்காத ரெசின் நல்லதா? (சிங்கப்பூர்)

டைகாஸ்ட் உலோகத்தில் வார்த்தது, ரெசின் பிசின் போன்ற பிளாஸ்டிக்கில் வார்த்தது. நான் ரெசின் பக்கம் சாய்கிறவன். காரணத்தைச் சொல்கிறேன், ஒப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 1:18 மாடலில் கதவைச் சுற்றி அரை மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால், நிஜக் காரில் அது 9 மில்லிமீட்டருக்குச் சமம். எந்தப் பந்தய அணியும் அப்படி ஒரு இடுக்கோடு மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் காரை அனுப்பாது. திறக்க வைப்பதற்காக வடிவத்தைப் பலி கொடுக்கிறார்கள். பெயின்ட்டும் அப்படித்தான்: 0.1 மி.மீ. தடிமனாகப் பூசினால் நிஜத்தில் 1.8 மி.மீ.; கூரான விளிம்பெல்லாம் மழுங்கிப் போகும்.

ஆனால் மேலே சொன்ன 917 போல எஞ்சினே பாதி அழகாக இருக்கும் காருக்கு, நன்றாகச் செய்த டைகாஸ்ட்தான் வேண்டும். கையில் எடுத்தால் தெரியும் அந்தக் கனத்துக்கும் ஒரு சுகம் உண்டு.

1982 லெ மான் போர்ஷே 956 வாங்கினேன். நீலம், வெள்ளை, தங்கக் கோடு எல்லாம் சரி. "ராத்மன்ஸ்" என்ற எழுத்து மட்டும் இல்லை. போலியா? (மதுரை)

போலி இல்லை. சிகரெட் விளம்பரத்துக்குப் பல நாடுகளில் தடை இருப்பதால், மாடல் தயாரிப்பாளர்கள் அந்தப் பெயரை விட்டுவிட்டு நிறத்தையும் கோட்டையும் மட்டும் அச்சிடுவது வழக்கம். ஜாகுவார் காரில் "சில்க் கட்" காணாமல் போவதும் இதே காரணத்தால்தான். எழுத்துகளைத் தனி டீகால் (மாடலில் ஒட்டும் மெல்லிய அச்சுப் படலம்) தாளாக வாங்கி ஒட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

ஆனால் எழுத்தில்லாத கார் என்றாலே தவறு என்றும் முடிவு கட்டாதீர்கள். நிஜப் பந்தயத்திலேயே ஜெர்மனி போன்ற இடங்களில் "ராத்மன்ஸ்" இருந்த இடத்தில் "ரேஸிங்" என்று எழுதி ஓட்டினார்கள். உங்களுடையது 1982 லெ மான் என்பதால் பெயர் இருந்தாக வேண்டும். அந்த ஆண்டு 1, 2, 3 எண் கார்கள் அதே வரிசையில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. 1ஆம் எண் காரை ஓட்டியவர்கள் ஜாக்கி இக்ஸ், டெரெக் பெல். மூன்றையும் சேர்த்து வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு அழகு!

டீகால் ஒட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. தாள் மஞ்சளாகிப் போயிருந்தால் தூக்கி எறியாதீர்கள். வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வையுங்கள், பெரும்பாலும் வெளுத்துவிடும். காரை மட்டும் அந்த வெயிலில் வைத்துவிடாதீர்கள்.

1980களின் குரூப் சி கார்களுக்குப் பொதுவாக ஏதாவது அளவுக் கணக்கு உண்டா? (கொழும்பு)

உண்டு. குரூப் சி என்பது அந்தக் காலப் பந்தயக் கார்களின் ஒரு பிரிவு. விதிப்படி நீளம் 4.8 மீட்டரையும் அகலம் 2 மீட்டரையும் தாண்டக் கூடாது. உயரம் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஆகவே 1:18 மாடலின் நீளம் 267 மி.மீ.க்குள், அகலம் 111 மி.மீ.க்குள், உயரம் 56 மி.மீ.யை ஒட்டி இருக்க வேண்டும். 1:43இல் நீளம் 112 மி.மீ.க்குள். நீளத்தில் யாரும் தவறுவதில்லை. உயரத்தை அளந்து பாருங்கள்.

பத்து வருடமாகப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த டைகாஸ்ட் காரில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. கடல் பக்கம்தான் வீடு. உப்புக் காற்றா? (தூத்துக்குடி)

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனது கனத்துவிட்டது. எனக்கும் இது நடந்திருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியில் வைத்ததுதான் என் காரைக் கெடுத்தது. காரை அழுத்திப் பிடிக்கும் ஃபோமும் பிளாஸ்டிக் உறையும் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். வருடக்கணக்கில் பெயின்ட் மேல் அவை ஒட்டியே இருந்தால், அந்த இடத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பும். உங்கள் காரில் கொப்புளங்கள் ஃபோம் தொட்ட இடத்தில் மட்டும் இருந்தால் இதுதான் விஷயம். அடியில் உள்ள உலோகத்துக்கு ஆபத்தில்லை.

வேறொன்றும் இருக்கலாம். டைகாஸ்ட் கார்கள் ஸமாக் என்ற கலவையில் வார்க்கப்படுகின்றன: பெரும்பகுதி துத்தநாகம், அதோடு அலுமினியம், மக்னீசியம், செம்பு. அதில் ஈயம் மாதிரி அசுத்தம் சிறிது கலந்துவிட்டாலும் உலோகம் உள்ளிருந்தே விரிந்து வெடிக்கத் தொடங்கும். ஈரமும் வெப்பமும் அதை வேகப்படுத்திவிடும். மயிரிழை போன்ற விரிசல், முன்பு சரியாக மூடிய கதவு இப்போது மூடாமல் போவது, உடல் வளைவது ஆகியவை அடையாளம். இதற்கு மருந்தில்லை, தயாரிக்கும்போதே உள்ளே புகுந்த நோய். பக்கத்துக் காருக்குத் தொற்றாது என்பது ஒன்றுதான் ஆறுதல். பழைய மாடல் வாங்கும்போது கவிழ்த்து அடிப்பக்கத்தையும் கதவு ஓரங்களையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பெட்டியிலிருந்து எடுத்து, கண்ணாடி ஷோகேஸில், நேர் வெயில் படாத சுவரில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். அந்துருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். தூசி தட்டத் துணியை விட மென்மையான மேக்கப் பிரஷ் நல்லது. பின் இறக்கையும் பக்கக் கண்ணாடியும் உடைவது துணி மாட்டி இழுக்கும்போதுதான்.

டயர், காட்சிப் பலகையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. (திருச்சி)

மென்மையான டயரில் உள்ள இளக்கி (டயரை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம்), கீழே இருக்கும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது. பிய்க்காதீர்கள், மெல்ல உருட்டி எடுங்கள். இனி அடிப்பாகத்துக்குச் சின்னக் கட்டை கொடுத்து, டயர் பலகையைத் தொடாமல் நிறுத்துங்கள்.

ஒரே ஃபோர்டு ஜிடி40 மாடலை எண் 9 என்றும் எண் 6 என்றும் இரண்டு தடவை விற்கிறார்களே, இது வியாபாரத் தந்திரம்தானே? (டொராண்டோ)

இந்த முறை இல்லை. நிஜக் காரே ஒன்றுதான். 1075 என்ற சேஸி எண் கொண்ட அந்த வெளிர்நீல, ஆரஞ்சு கல்ஃப் (எண்ணெய் நிறுவன விளம்பர) நிறக் கார் 1968இல் 9ஆம் எண்ணோடும் 1969இல் 6ஆம் எண்ணோடும் அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயித்தது. முதல் முறை பெட்ரோ ரொட்ரிகெஸும் லூசியன் பியாங்கியும். இரண்டாம் முறை ஜாக்கி இக்ஸும் ஜாக்கி ஆலிவரும். 24 மணி நேரம் ஓடிய பிறகு இரண்டாவது காருக்கும் இதற்கும் சுமார் 120 மீட்டர்தான் இடைவெளி. தோற்ற அந்தப் போர்ஷே 908இல் கடைசிவரை போராடியவர் ஹான்ஸ் ஹெர்மன். மறு ஆண்டு 23ஆம் எண்ணில் ஜெயித்தவர் அவரேதான். இரண்டு ஜிடி40களையும் வாங்குங்கள். ஆனால் இரண்டு ஆண்டுப் படங்களையும் பக்கத்தில் வைத்து, எண்ணைத் தவிர வேறு எதையாவது மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். உழைத்த தயாரிப்பாளர் அங்கே தெரிந்துவிடுவார்.

சில்வர் நிற சாபர் சி9 மாடல் ஏனோ பொம்மை மாதிரி தெரிகிறது. (சேலம்)

1989இல் ஜெயித்த 63ஆம் எண்ணா? பெயின்ட்டில் உள்ள மினுக்குத் துகளை உற்றுப் பாருங்கள். காரை 18 மடங்கு சுருக்கினார்கள், துகளைச் சுருக்கவில்லை. மணல் தூவியது போல மினுங்கினால் கண் அதைச் சின்னப் பொருள் என்று உடனே கண்டுகொள்ளும்.

எனக்கு ஒன்றே ஒன்று வாங்கத்தான் பணம் இருக்கிறது. எதை வாங்கலாம்? (கோவை)

மாஸ்டா 787பி, எண் 55. 1991இல் வோல்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ராண்ட் கஷோ மூவரும் 362 சுற்று ஓட்டி, லெ மானில் ஜப்பானியத் தயாரிப்புக்கு முதல் வெற்றியைக் கொடுத்த கார். பிஸ்டனே இல்லாத, நான்கு ரோட்டர் எஞ்சின். கடைசிக் கட்டத்தை ஓட்டிய ஹெர்பர்ட் உடம்பில் நீர் வற்றிச் சோர்ந்து, வெற்றி மேடைக்கே வர முடியவில்லை. வாங்கும்போது ஆரஞ்சும் பச்சையும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். கதவு இடுக்கைத் தாண்டும்போது அந்தக் கோடு ஒரு மயிரிழை கூட விலகக் கூடாது. விலகியிருந்தால் கடையில் அடுத்த பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.