ஊசிக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 42 வயது. தனியார் பள்ளி ஆசிரியை. உயரம் 155 செ.மீ., எடை 92 கிலோ, சர்க்கரையும் உண்டு. எடையும் சர்க்கரையும் குறைய டாக்டர் மவுன்ஜாரோ ஊசி எழுதித் தந்தார். இன்சூரன்சில் கையை விரித்துவிட்டார்கள். நகையை அடகு வைத்துத் தொடங்கலாமா? நாத்தனாரோ, 'மரச்சீனியையும் சோற்றையும் குறைத்தால் போதும்' என்கிறார்.
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: நாத்தனார் சொல்வதை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உடல் பருமன் ஒரு நோய். அதற்கு மருந்து தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நகையை வைக்க வேண்டாம், சகோதரி. மருந்து நல்ல மருந்துதான். நாலு மாதம் போட்டுவிட்டு நிறுத்துகிற மருந்து இல்லை, அதுதான் சிக்கல். இதே வகையைச் சேர்ந்த செமாகுளுடைடு என்ற மருந்தை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பிவிட்டதாக ஆய்வு சொல்கிறது. மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இங்கே வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000. அது தொடக்க டோஸ் மட்டும்தான். நாலு வாரம் கழித்து 5 மி.கி.க்கு ஏறினால் அன்றைய விலைக்கே மாதம் 17,500. முதல் மாத பில்லை வைத்துக் கணக்குப் போட்டவர்கள்தான் பாதியில் திண்டாடுகிறார்கள். ஒரு வருடச் செலவைச் சம்பளத்திலிருந்தே கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

வழி இல்லாமல் இல்லை. செமாகுளுடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சில் முடிந்தது. நம் நாட்டுக் கம்பெனிகளின் ஊசி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றிவிடாதீர்கள். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் வரும் பேனாவும் (மருந்து அடைத்த பேனா வடிவ ஊசி) வாட்ஸ்அப்பில் விற்கிற பேனாவும் வேண்டவே வேண்டாம். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். வழியில் எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? பேட்ச் எண் போட்ட பில் தருகிற கடையில் வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் விஷயம்: சாதாரண பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும், வீட்டில் போடும் ஊசிக்குத் தராது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் அப்படித்தான். ஆனால் உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 38. அது 35ஐத் தாண்டி, சர்க்கரையும் கட்டுக்குள் வராமல், மற்ற வழிகளும் பலிக்காமல் போனால், டாக்டர் பரிந்துரையோடு எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பாலிசியில் இடம் உண்டு. அப்புறம், காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்து எத்தனை காலம் கழித்து அதற்குப் பணம் கிடைக்கும் என்பது) எவ்வளவு என்று பாலிசிப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். அறுவையா என்று பயப்பட வேண்டாம், கேட்டு மட்டும் வையுங்கள்.

சர்க்கரை மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் தனியாரில் செலவு செய்கிறீர்களா? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாத்திரை இலவசம். மிச்சமாகிற பணம் ஊசிக்கு உதவும்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது, "மாதம் இவ்வளவுதான் என்னால் முடியும்" என்று தொகையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குள் என்ன செய்யலாம் என்று அவர் யோசிக்கட்டும்.