பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டுமே பணம்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் மளிகைக் கடையில் பில் போடுகிறேன். வயது 36. தொலைநிலைக் கல்வியில் பி.பி.ஏ. படிக்கிறேன். மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் ஒரு பாடத்துக்குத் தேர்வு எழுதித் தேறினால் அதற்கான கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் மதிப்பலகு) கிடைக்கும், பல்கலைக்கழகத்தில் அந்தத் தாளை எழுத வேண்டாம் என்கிறார்கள். இதை முடித்துத்தர பாளையங்கோட்டையில் ஒரு மையத்தில் தாளுக்கு 4,500 ரூபாய் கேட்கிறார்கள். இதைவிடக் குறைந்த செலவில் முடியுமா?

பதில்: முடியும் அம்மா. அந்த 4,500 ரூபாயைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்வயம் தளத்தில் பாடத்தில் சேரப் பணமே கிடையாது. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்பிடெல் பாடங்கள் அதில் இருக்கின்றன. நிர்வாகவியல் பாடங்களும் உண்டு. அவற்றுக்குத் தேர்வுக் கட்டணம் பாடத்துக்கு 1,000 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதி. அப்படியானால் மையம் கேட்கும் மீதி 3,500 எதற்கு? "அசைன்மென்ட்டை நாங்களே போட்டுவிடுவோம்" என்பதற்கு. படிக்க வந்தவரிடம் படிக்காமல் இருப்பதற்கு வாங்கும் கூலி அது.

போன வருடம் பஸ் நடத்துநர் ஒருவர் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்தார். தேர்வை அவரேதான் எழுதித் தேறியிருந்தார். ஆனால் கணக்கைத் தரகர் தன் மின்னஞ்சலில் தொடங்கி, பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி, இனிஷியலை விட்டுவிட்டார். பல்கலைக்கழகப் பதிவில் ஒரு பெயர், சான்றிதழில் வேறு பெயர். கிரெடிட் ஏறவில்லை. தரகர் தொலைபேசியை எடுக்கவில்லை. உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைபேசி எண், பல்கலைக்கழகப் பதிவில் உள்ளபடியே எழுத்து மாறாத பெயர்: இந்த மூன்றையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். கிரெடிட் சேரும் கணக்கின் எண்ணான ஏபிசி ஐடியையும் அரசின் டிஜிலாக்கர் தளத்தில் நீங்களே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்!

பணத்தை முதல் நாளே கட்ட வேண்டியதில்லை. பாடத்தில் சேருவது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. முதல் சில வார அசைன்மென்ட்டுகளைப் போட்டுப் பாருங்கள். அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். கை ஓடவில்லை என்றால் அந்தப் பருவத்தில் கட்டாதீர்கள். தோற்றால் மறுபடியும் பணம். சில பாடங்களின் விரிவுரை எழுத்து வடிவில் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை ஒரு பருவத்தில் 40 சதவீதப் பாடங்கள் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க இடம் தருகிறது. அதனால் நீங்கள் எழுதும் எந்தப் பாடமும் தானாகக் கணக்கில் ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். இந்தப் பாடம் இந்தத் தாளுக்கு ஈடு என்று உங்கள் பல்கலைக்கழகம் சொல்ல வேண்டும். 12 வார என்பிடெல் பாடத்துக்கு வழக்கமாக 3 கிரெடிட்; உங்கள் தாள் 4 கிரெடிட் என்றால் மிச்சம் ஒன்றை எங்கே தேடுவீர்கள்? பாடத்தின் பெயர், குறியீடு, வாரங்கள், ஈடாக வரும் தாள் ஆகியவற்றை எழுதி, ஏற்பீர்களா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். அதே கடிதத்தில், அந்தத் தாளுக்குரிய தேர்வுக் கட்டணத்தைக் கழிப்பீர்களா என்றும் கேளுங்கள். கழிக்காவிட்டால் ஒரே தாளுக்கு இரண்டு இடத்தில் பணம் கட்டுகிறீர்கள்.

பல்கலைக்கழகத்தின் கற்றல் மையத்தில் கேட்டால் தலைமையகத்தைக் கேள் என்பார்கள், தலைமையகத்தில் கேட்டால் இணையதளத்தைப் பார் என்பார்கள். வேலைக்குப் போகிறவர் ஒரு பதிலுக்காக எத்தனை நாள் சம்பளத்தை இழப்பது? ஏற்கும் பாடங்களின் பட்டியலை ஒரே ஒரு தாளில் அச்சிட்டு மையத்துச் சுவரில் ஒட்டினால் பாதித் தரகர்களுக்கு வேலையே இருக்காது. கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்குப் பதிவு செய்யும்போது நகரத்தைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். திருநெல்வேலியை முதல் விருப்பமாகக் கொடுங்கள். தேர்வு சனி, ஞாயிறுகளில்தான் வழக்கமாக நடக்கும். கடையில் அந்த ஒரு நாள் விடுப்பை இப்போதே சொல்லிவையுங்கள்.