டெலீட் பட்டனில் கை வைக்கும் முன்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்குமேல் "ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது, காப்பாற்றுங்கள்" ரகம். பிரித்துப் படித்தால் பலருக்கும் விழுந்தது ஸ்ட்ரைக்கே இல்லை. (ஸ்ட்ரைக் என்பது விதியை மீறிய சேனலின் கணக்கில் யூடியூப் எழுதி வைக்கும் தண்டனை.) அதனால் இந்த முறை யூடியூப் கேள்விகள் மட்டும்.

நான் வேதியியல் ஆசிரியை. சோடியத் துண்டைத் தண்ணீரில் போடும் சோதனையை வீடியோவாக ஏற்றினேன். 'ஆபத்தான செயல்' என்று வீடியோவை எடுத்துவிட்டு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார்கள். வீடியோவை நானே டெலீட் செய்துவிட்டால் எச்சரிக்கையும் போய்விடும் என்கிறான் தம்பி. செய்யட்டுமா மேடம்?

முதலில் தம்பியிடமிருந்து மவுஸைப் பிடுங்கி வையுங்கள். வீடியோவை அழித்தால் எச்சரிக்கை அழியாது. அப்பீல் செய்ய உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த வீடியோதான். அதை நீங்களே தொலைத்துவிட்டு யாரிடம் போய் நியாயம் கேட்பீர்கள்?

உங்களுக்கு வந்திருப்பது ஸ்ட்ரைக்குக்கு முந்தைய படி. சமூக விதிகளை, அதாவது எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று யூடியூப் வகுத்திருப்பவற்றை, முதல் தடவை மீறினால் பெரும்பாலும் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். 2023 முதல் இதில் ஒரு சலுகையும் உண்டு. அந்த விதியைப் பற்றிய சிறு பயிற்சியை முடித்து, 90 நாள் அதே விதியை மீறாமல் இருந்தால் எச்சரிக்கை நீங்கிவிடும். அதற்குள் மறுபடி அதையே மீறினால் முதல் ஸ்ட்ரைக். ஒரு வாரம் வீடியோ ஏற்ற முடியாது, லைவ் போக முடியாது. 90 நாளுக்குள் இரண்டாவது விழுந்தால் இரண்டு வாரம். மூன்றாவதும் அதே 90 நாளுக்குள் விழுந்தால் சேனலே போய்விடும். ஒரு வாரத் தடை முடிந்ததும் ஸ்ட்ரைக்கும் முடிந்தது என்று நினைத்துப் பழையபடி கிளம்பிவிடுகிறவர்கள் நிறைய. தடைதான் ஒரு வாரம். ஸ்ட்ரைக் 90 நாளும் கணக்கில் இருக்கும். (குழந்தைகளைத் துன்புறுத்துவது போன்ற கொடிய மீறல் என்றால் இந்தப் படிக்கணக்கே கிடையாது. ஒரே வீடியோவில் சேனல் காலி.)

சரி, உங்கள் வீடியோவுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பிரதியை இரண்டு தடவை பார்த்தேன். இடுக்கி, கண்ணாடி, கையுறை, பட்டாணியைவிடச் சிறிய சோடியத் துண்டு, எல்லாம் ஒழுங்கு. தலைப்புதான் வில்லன்: 'வீட்டிலேயே தண்ணீரை வெடிக்க வைக்கலாம் வாங்க!' தம்ப்நெயிலில், அதாவது வீடியோவின் முகப்புப் படத்தில், ஆள் உயரத்துக்குத் தீ. வீடியோவில் அப்படி ஒரு தீ எங்குமே இல்லை. வகுப்பில் நீங்கள் இப்படிப் பேசுகிறவர் இல்லை என்று குரலைக் கேட்டாலே தெரிகிறது. விதி வீடியோவோடு நிற்பதில்லை. தலைப்பு, தம்ப்நெயில், டிஸ்கிரிப்ஷன், அதில் போடும் லிங்க் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

கல்வி, ஆவணம், அறிவியல், கலை நோக்கம் உள்ள வீடியோக்களுக்குச் சில விதிகளில் விலக்கு தருகிறார்கள். ஆனால் அந்த நோக்கம் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அப்பீலில் அதைத்தான் காட்ட வேண்டும். 'இத்தனை வருடமாகப் பாடம் எடுக்கிறேன், மாணவர்கள் வருத்தப்படுகிறார்கள்' என்றெல்லாம் எழுதிப் பயனில்லை. நான் எழுதுவதாக இருந்தால் இவ்வளவுதான் எழுதுவேன்: "இது பள்ளி வேதியியல் பாடம். 0:40-இல் இதை வீட்டில் செய்யக்கூடாது என்று சொல்கிறேன். 1:15-இல் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிகிறேன். 3:05 முதல் வினை ஏன் நடக்கிறது என்று சமன்பாட்டோடு விளக்குகிறேன்." சோதிப்பவர் நேராக அந்த இடங்களுக்குப் போய்ப் பார்த்துவிடலாம். அப்பீல் ஒரு தடவைதான், கோபம் தணிந்த பிறகு எழுதுங்கள். அடுத்த வீடியோவுக்குத் தலைப்பு வைக்கும் வேலையைத் தம்பியிடம் கொடுக்காதீர்கள். இதையும் அவர்தான் வைத்திருப்பார் என்பது என் ஊகம்.

பயண வீடியோ ஒன்றில் சினிமாப் பாட்டு 10 விநாடிதான் போட்டேன். 30 விநாடிக்குள் இருந்தால் பிரச்சினையில்லை என்றார்கள். நன்றி என்றும் போட்டிருந்தேன். இப்போது காப்பிரைட் மெயில் வந்திருக்கிறது. இன்னும் இரண்டு வந்தால் சேனல் போய்விடுமா அக்கா?

நீங்கள் ஒட்டி அனுப்பிய மெயிலில் 'கிளெய்ம்' என்று இருக்கிறது தம்பி, 'ஸ்ட்ரைக்' என்று இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

யூடியூபில் கன்டென்ட் ஐடி என்று ஒரு ஏற்பாடு 2007 முதல் இருக்கிறது. பாட்டு, படம் வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்கள் சரக்கின் பிரதியைக் கொடுத்து வைத்திருக்கும். ஏறும் வீடியோக்களை இயந்திரம் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் உரிமையாளர் விளம்பர வருமானத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளலாம், வீடியோவைத் தடுக்கலாம், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனிக்கலாம். கிளெய்ம் என்பது இதுதான். சேனலுக்கு அடி இல்லை. சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோ பக்கத்திலேயே அந்தப் பாட்டை மட்டும் வெட்டலாம், மியூட் செய்யலாம், வேறு இசை வைக்கலாம். உரிமை உங்களிடம் இருந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம், பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். உங்களிடம் இல்லையே, பேசாமல் மியூட் செய்யுங்கள்.

அந்த 30 விநாடிக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. நன்றி போட்டால் அனுமதி வாங்கியதாக ஆகாது.

காப்பிரைட் ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் சட்டப்படி 'இதை நீக்கு' என்று முறையாகக் கேட்டு, வீடியோ நீக்கப்படும்போது வருவது. அதிலும் மூன்று விழுந்தால் சேனல் போகும், 90 நாளில் காலாவதி ஆகும் (முதல் தடவை என்றால் காப்பிரைட் பயிற்சியையும் முடிக்க வேண்டும்). ஆனால் இது தனிக் கணக்கு. சமூக விதியில் இரண்டு, காப்பிரைட்டில் ஒன்று இருந்தால் மூன்று என்று கூட்ட மாட்டார்கள். சில சமயம் உரிமையாளர் 7 நாள் அவகாசம் கொடுத்து நீக்கச் சொல்வார். அந்த 7 நாளுக்குள் நீங்களே எடுத்துவிட்டால் ஸ்ட்ரைக் வராது. மேலே ஆசிரியைக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, டெலீட் பட்டன் உதவுகிற இடம் இது.

அப்புறம், கவுண்டர் நோட்டிஃபிகேஷன் (வீடியோவை நீக்கியது தவறு என்று நீங்கள் தரும் எதிர் மனு) அனுப்பச் சொல்லி யாராவது உசுப்பினால் யோசியுங்கள். அது அமெரிக்காவின் 1998-ஆம் வருடத்துக் காப்பிரைட் சட்டப்படி தரும் ஆவணம். உங்கள் பெயரும் முகவரியும் எதிராளியிடம் போகும். அவர் 10 வேலை நாளுக்குள் நீதிமன்றம் போனதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். காட்டிவிட்டால் உங்களுக்கு வக்கீல் வேண்டும்.

ஸ்ட்ரைக்கால் ஒரு வாரத் தடை. அதுவரை மனைவி பெயரில் இருக்கும் சேனலில் போடலாமா?

கூடாது. தடையைச் சுற்றிக்கொண்டு போவதும் விதிமீறல்தான், அதற்குத் தண்டனை சேனலை மூடுவது. ஒரு வாரம்தானே, எடிட்டிங்கில் பாக்கி இருப்பதை முடியுங்கள்.

வீடியோவுக்குப் பக்கத்தில் மஞ்சள் டாலர் குறி வந்தால் எத்தனை ஸ்ட்ரைக்?

ஒன்றும் இல்லை. விளம்பரதாரர்கள் சிலர் இந்த வீடியோவில் வர விரும்ப மாட்டார்கள் என்று அர்த்தம். வருமானம் குறையும், சேனல் பத்திரம். தவறு என்று தோன்றினால் மனிதர் பார்த்துச் சொல்லும்படி கேட்கலாம்.

பல வருடம் முன்பு போட்ட வீடியோவுக்கும் இப்போது நடவடிக்கை வருமா?

வரும். பிரைவேட்டில் வைத்திருந்தாலும் வரும். நானே வாங்கியிருக்கிறேன். நான் வீடியோ போடும் ஒரு தளத்திலிருந்து ஒருநாள் எச்சரிக்கை. எந்த வீடியோ என்று பார்த்தால், ஒலிப்பதிவு பற்றி எப்போதோ போட்ட பாடம். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், ஒரு குற்றமும் இல்லை. கடைசியில் டிஸ்கிரிப்ஷனில் இருந்த லிங்கை அழுத்தினேன். அன்றைக்கு அது இலவச ஓசைகள் கிடைக்கும் ஒரு சின்ன இணையதளம். நடத்தியவர் முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார், யாரோ வாங்கி ஆபாசப் பக்கமாக்கிவிட்டார்கள். லிங்க் வைத்தவள் நான், அப்பீல் செய்ய என்ன இருக்கிறது? பயிற்சியை முடித்துவிட்டு 90 நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று தொடங்கி பழைய டிஸ்கிரிப்ஷன்களை ஒவ்வொன்றாகத் திறந்து லிங்க்குகளை அழுத்திப் பார்க்கிறேன். இன்னும் நாற்பது பாக்கி.